பேராளர் ஒழுக்கமும் பேரவை ஒழுங்கும்

ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் மாளிகைகளைக் கொண்டு அளப்பாருளர். படைவலியைக் கொண்டு அளப்பாருமுளர். ஓர் அவையில் ஒருவர் எழுந்து, பெரும்பாலோர்க்கு உவப்பில்லாத கருத்தொன்றைக் கூறும்போது ஏனையோர் எவ்வாறு இருக்கின்றனர் என்பதைக் கொண்டு அளப்பதே நேரிய முறை என்பது எம் எண்ணம். அமைதியாகக் கேட்கின்றனரா? கேட்டு மறுக்கின்றனரா? அன்றிக் கூச்சலிட்டு அமர்த்துகின்றனரா? இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடையே அந்நாட்டு மக்களாட்சியின் வலிமையையும் வலுவின்மையையும் காட்டிவிடும்.

அரசியல் கட்சிகளின் மாநாடுகளில் பேராளர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும், அவையின் ஒழுங்கு எதனால் நிலைபெறுகிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். மாநாடு என்றவுடன் தோரணமும் ஒலிபெருக்கியும் உணவுப் பந்தலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் மாநாட்டின் உயிர் அவற்றில் இல்லை; பேராளரிடத்தில் இருக்கின்றது. பார்வையாளர் காண வருபவர். பேராளரோ பலருடைய குரலைச் சுமந்து வருபவர். தாம் கேளாது ஒழிந்த சொல்லுக்கும், பிறரைச் சொல்லவிடாது தடுத்த சொல்லுக்கும் அவர் பொறுப்பாளர் ஆகிறார்.

அவை மரபு

அவை என்பது தமிழர்க்குப் புதியதன்று. அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை வள்ளுவர் அமைத்துள்ளார். கேட்போரின் தகுதியறிந்து பேசுதலும், கற்றோர் நிறைந்த அவையில் அஞ்சாது பேசுதலும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே அவைப் பண்பு. அறிதல் இல்லாத அஞ்சாமை ஆரவாரமாகும். அஞ்சாமை இல்லாத அறிதல் வாய்மூடிய புலமையாகும்.

உத்தரமேரூரில் முதற் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. குடவோலை முறையினை அவை விரித்துரைப்பதை மாணவர் அறிவர். வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்பது அம்முறையின் விதிகளுள் ஒன்று. அதற்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்டது நெல்லைச் சீமை மானூர்க் கல்வெட்டு. ஊர்ச்சபையில் கொண்டுவரப்படும் ஒவ்வொன்றையும் 'அன்று, அன்று' என்று மறுத்துத் தடை செய்துகொண்டே இருப்பவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம் என்று அது விதிக்கிறது.

இவ்வவைகள் அக்காலத்தில் ஒரு சாராருக்கே உரியனவாய் இருந்தன என்பதை மறைத்தல் ஆகாது. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. மானூர்ச் சபையார் மறுப்பைத் தடுக்கவில்லை. மறுப்பையே தொழிலாக்கிக்கொண்டு அவையை நடக்கவிடாமல் செய்வதையே தடுத்தனர். மறுப்பு வேறு, முடக்கம் வேறு. இவ்வேறுபாட்டை 1,200 ஆண்டுகட்கு முன்னரே நம் முன்னோர் கல்லில் பொறித்து வைத்துள்ளனர்.

சேலம் தந்த தலைவர்

இந்திய நாட்டின் தேசியப் பேரவை ஒன்று தன்னைத்தானே ஒழுங்கு செய்துகொண்ட வரலாற்றில் நம் சேலத்துக்குத் தனியிடம் உண்டு. அதனை நம் பகுதி மாணவரே பலர் அறியார் என்பதால் இங்கே சற்று விரித்துரைக்கின்றோம்.

சேலம் சி. விஜயராகவாச்சாரியார் 1852 ஆம் ஆண்டு பிறந்தவர். சேலத்தில் வழக்கறிஞராக விளங்கியவர். 1882 ஆம் ஆண்டு சேலத்தில் இந்து முஸ்லிம் கலவரம் ஒன்று மூண்டது. செவ்வாய்ப்பேட்டைப் பள்ளிவாசலும் அவ்வழிச் செல்லும் ஊர்வலங்களும் பற்றிய பூசலில் அது தோன்றியது. அக்கலவரத்தைத் தூண்டினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு விஜயராகவாச்சாரியார் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். சென்னை உயர்நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. நகரசபை உறுப்பினர் பதவியிலிருந்து தம்மை நீக்கியது முறையன்று என்று அரசின்மீதே வழக்குத் தொடுத்து அவர் வென்றதும் வரலாறு. பொய்ச்சாட்சியும் ஒருதலைத் தீர்ப்பும் ஒரு மனிதரை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர். மறுதரப்பைக் கேளாத மன்றம் மன்றமே அன்று என்னும் பாடத்தை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருந்திராது.

1887 ஆம் ஆண்டு இறுதியில் இந்திய தேசிய காங்கிரஸின் மூன்றாம் மாநாடு சென்னையில் கூடியது. பம்பாய் வழக்கறிஞர் பத்ருத்தீன் தயாப்ஜி தலைமை தாங்கினார். அப்பேரவைக்குத் தலைமையேற்ற முதல் முஸ்லிம் அவரே. பேரவை நடத்தற்குரிய விதிகளை வகுக்கக் குழுவொன்று அமைந்ததும் அம்மாநாட்டில்தான். அக்குழுவில் விஜயராகவாச்சாரியாரும் இடம்பெற்றார்.

அடுத்த ஆண்டு அலகாபாத்தில் கூடிய மாநாட்டில் குறிப்பிடத்தக்க விதியொன்று நிறைவேறிற்று. காங்கிரஸ் முன்னரே முடிவு கூறிவிட்ட பொருள்கள் நீங்கலாக, ஒரு பொருளை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இந்துப் பேராளர்களோ முஸ்லிம் பேராளர்களோ ஒருமனதாகவோ ஏறக்குறைய ஒருமனதாகவோ மறுத்தால் அப்பொருள் விவாதத்திற்கு வரலாகாது என்பதே அவ்விதி. எண்ணிக்கையில் குறைந்தோரின் அச்சத்தைத் தலையெண்ணி மிதித்துவிடக் கூடாது என்னும் கருத்து அதன் உட்பொருள். தயாப்ஜியின் கவலைக்கு அப்பேரவை அளித்த மறுமொழி அது. ஒழுங்குவிதி என்பது வாயடைக்கும் பூட்டு அன்று. சிறியோர்க்கும் அவையில் இடமுண்டு என்று கூறும் உறுதிமொழி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

சூரத்தில் முறிந்தது

விதி மட்டும் போதாது என்பதை 1907 ஆம் ஆண்டு மெய்ப்பித்தது. அவ்வாண்டு மாநாடு முதலில் நாகபுரியில் கூடுவதாக இருந்தது. பின்னர்ச் சூரத்துக்கு மாற்றப்பட்டது. மிதவாதியர் ஒருபுறம், திலகரைப் பின்பற்றிய தீவிரவாதியர் மறுபுறம். தமிழகத்திலிருந்து வ.உ. சிதம்பரம் பிள்ளையும் பாரதியாரும் சென்றிருந்தனர். ராஷ் பிகாரி கோஷ் தலைமையேற்பதை ஒட்டி முதல் நாளே கூச்சல் எழுந்து அவை கலைந்தது. மறுநாள் திலகர் மேடையேறித் திருத்தம் ஒன்றை முன்மொழிய முயன்றார்; அவருக்கு இசைவு மறுக்கப்பட்டது. எங்கிருந்தோ பறந்து வந்த காலணி மேடையிலிருந்த சுரேந்திரநாத் பானர்ஜியின்மீதும் பெரோஸ்ஷா மேத்தாவின்மீதும் பட்டது. நாற்காலிகள் உயர்ந்தன, தடிகள் சுழன்றன. இறுதியில் காவலர் வந்து பந்தலைக் காலி செய்தனர்.

அந்நிய ஆட்சியை அகற்றக் கூடியவர்கள் அந்நிய ஆட்சியின் காவலரால் அகற்றப்பட்டனர். இதனினும் பெரிய தலைகுனிவு ஒரு தேசியப் பேரவைக்கு நேரக்கூடுமோ? பிளவுண்ட பகுதிகள் மீண்டும் ஒன்றுகூட 1916 ஆம் ஆண்டு இலட்சுமணபுரி மாநாடு வரை ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. அவ்வாண்டில்தான் காங்கிரஸும் முஸ்லிம் லீகும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதற்கு முன்னின்று உழைத்தவருள் முகம்மது அலி ஜின்னா தலையாயவர்.

நாகபுரியில் இரு காட்சிகள்

1920 ஆம் ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் நாகபுரியில் கூடியது. தலைமை தாங்கியவர் சேலம் விஜயராகவாச்சாரியார். 14,582 பேராளர்கள் வந்திருந்தனர் என்றும், அவருள் முஸ்லிம்கள் 1,050 பேர், பெண்கள் 169 பேர் என்றும் காங்கிரஸ் வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர். கிலாபத் இயக்கம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. 1882 ஆம் ஆண்டு இந்து முஸ்லிம் பூசலின் பெயரால் தண்டனை பெற்ற ஒருவர், 38 ஆண்டுகள் கழித்து இரு சமயத்தாரும் தோளோடு தோள் நின்ற பேரவைக்குத் தலைவராக வீற்றிருந்தார். ஒத்துழையாமைத் திட்டத்தின் சில பகுதிகள் அவருக்கு உடன்பாடல்ல. அதனைத் தலைமையுரையில் அவர் மறைக்கவில்லை. அவை வேறு முடிவு செய்தபோது அதற்குக் குறுக்கே நிற்கவும் இல்லை.

அம்மாநாட்டின் இரு காட்சிகள் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவை.

முதற்காட்சி சித்தரஞ்சன் தாஸ் பற்றியது. ஒத்துழையாமைத் தீர்மானத்தை எதிர்க்கும் நோக்குடன் அவர் வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஏறத்தாழ 250 பேராளர்களைத் தம் செலவிலேயே அழைத்து வந்தார். அக்காலத்தில் பேராளர் எண்ணிக்கைக்கு வரம்பில்லாமையால் இது கூடிற்று. பேராளர் முகாம்களில் பூசலும் நிகழ்ந்தது. ஆயின் தலைவர்கள் அமர்ந்து பேசினர்; அவர் கூறியதைக் கேட்டனர்; தீர்மானத்தின் வாசகத்தைத் திருத்தினர். முடிவில் எதிர்க்க வந்த தாஸே அத்தீர்மானத்தை அவையில் முன்மொழிந்தார். லாலா லஜபதி ராய் வழிமொழிந்தார்.

இரண்டாங்காட்சி ஜின்னா பற்றியது. காங்கிரஸின் குறிக்கோளை மாற்றும் தீர்மானத்தை அவர் எதிர்த்துப் பேச எழுந்தார். காந்தியடிகளை 'மிஸ்டர் காந்தி' என்றார். 'மகாத்மா என்று சொல்' என்று பந்தல் முழங்கியது. முகம்மது அலியை 'மிஸ்டர்' என்றபோது 'மௌலானா என்று சொல்' என்று மீண்டும் முழக்கம். அவருடைய வாதம் வலியதோ மெலியதோ, அதனை நிறுத்துப் பார்க்கும் மனநிலையில் அவை இல்லை. கூச்சலுக்கிடையே பேசி இறங்கினார். அதன்பின் காங்கிரஸை விட்டே விலகினார்.

பின்னாளில் நிகழ்ந்தவை அனைத்திற்கும் அவ்வொருநாள் கூச்சலே காரணம் என்று கூறுதல் மிகையாகும். வரலாறு அத்துணை எளிய கணக்கன்று. அவருடைய அரசியலை நாம் ஏற்கவும் வேண்டுவதில்லை. எனினும் ஒரே பந்தலில், ஒரே வாரத்தில், கேட்கப்பட்ட எதிர்ப்பாளர் தோழரானார்; கேட்கப்படாத எதிர்ப்பாளர் வெளியேறினார். பேராளர் ஒழுக்கம் பற்றி எழுதப்படும் எந்நூலும் இதனினும் தெளிவான பாடத்தைத் தரவியலாது.

இன்னொன்றும் உண்டு. மேடையில் வீற்றிருக்கும் தலைவர் எத்துணை ஆற்றலுடையவராயினும் பல்லாயிரம் தொண்டைகளை ஒருவராக அடக்குதல் அரிது. ஒழுங்கு மேடையிலிருந்து கீழே இறங்குவதன்று. கீழிருக்கையிலிருந்து மேலே எழுவது.

நாகபுரி மாநாடு இக்குறையை உணர்ந்து மருந்தும் கண்டது. காசு செலவிட்டு அழைத்து வருவோரும், மாநாடு கூடும் ஊரார் பெருந்திரளாகப் பேராளராவதும் அவையின் போக்கை மாற்றிவிடும் என்பதால், மக்கள்தொகையில் 50,000 பேருக்கு ஒருவர் என்னும் அளவில் பேராளர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டப்பட்டது. மொழிவழி மாகாணக் குழுக்களும், ஆண்டு முழுதும் பணிபுரியும் செயற்குழுவும், நாலணா உறுப்பினர் கட்டணமும் அம்மாநாட்டின் விதியில் இடம்பெற்றன. சேலத்துக்காரர் தலைமையில்தான் ஒரு கூட்டம் கட்டமைப்புடைய பேரவையாயிற்று என்பதில் இப்பகுதியினர் பெருமிதம் கொள்ளலாம்.

தலைமையின் தீர்ப்பும் அதன் விளைவும்

பேராளர் கூச்சலால் கெடும் அவையும் உண்டு. தலைவர் தீர்ப்பால் கெடும் அவையும் உண்டு. 1925 ஆம் ஆண்டு, சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்க்குச் சாதிவழித் தனிப்பந்தி இடுவதை எதிர்த்து, இன்றைய நாமக்கல் மாவட்டத்து இராசிபுரத்தில் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடு காங்கிரஸுக்குள் போராடிக் கொண்டிருந்தார். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரத்தில் தமிழ் மாகாண மாநாடு கூடியது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் பற்றிய தீர்மானத்தைப் பெரியார் ஈ.வெ. இராமசாமி கொண்டுவந்தார். தலைமை வகித்த திரு.வி.க. அதனை அனுமதிக்கவில்லை. பெரியார் வெளியேறினார், காங்கிரஸைவிட்டே விலகினார்.

திரு.வி.க. நேர்மையாளர், தமிழுலகு போற்றும் பெரியார். அவர் தீர்ப்பு விதிப்படி சரியா என்பது ஒரு வினா. பலரது நெஞ்சில் கனன்ற ஒரு பொருள், விவாதித்துத் தோற்கும் வாய்ப்புக்கூட இன்றி வாயிலிலேயே நிறுத்தப்பட்டதே, அது தகுமா என்பது மற்றொரு வினா. வாக்கெடுப்பில் தோற்ற தீர்மானம் அவைக்குள் இருக்கும்; விவாதத்திற்கே வாராத தீர்மானம் வெளியே சென்று வேறோர் அவையைக் கட்டிக்கொள்ளும்.

அவ்வாறு வெளியே சென்றவர் 19 ஆண்டுகள் கழித்துச் சேலத்திலேயே ஒரு பெரும் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1944 ஆகஸ்டு 27 அன்று கூடிய நீதிக்கட்சி மாநாடே அது. அரசு தந்த சர், திவான் பகதூர், ராவ் பகதூர் போன்ற பட்டங்களைத் துறக்க வேண்டும், அரசு நியமனப் பதவிகளை விட வேண்டும் என்னும் தீர்மானம் 'அண்ணாதுரை தீர்மானம்' என்றே பெயர் பெற்றது. கட்சி 'திராவிடர் கழகம்' என்று பெயர் மாறியதும் அம்மாநாட்டில்தான். பட்டமும் பதவியும் உடையோர் நிறைந்த கட்சியொன்று அவற்றைத் துறக்கும் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. உடன்படாதோர் பி.டி. இராசன் முதலியோர் வழிநின்று பழைய பெயரிலேயே இயங்கினர். பிரிவு நேர்ந்தது உண்மை. ஆயின் எதன்பொருட்டுப் பிரிந்தனர் என்பதை இன்றும் எவரும் தீர்மானத்தின் வாசகத்தைக் கொண்டு அறியலாம். காலணியின் பெயரால் நினைக்கப்படும் சூரத்துக்கும் தீர்மானத்தின் பெயரால் நினைக்கப்படும் சேலத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நம் சமுதாயத்தார் மறக்கலாகாத மற்றோர் அவை 1948 மார்ச் 10 அன்று சென்னை இராஜாஜி மண்டபத்தில் கூடியது. நாடு பிரிந்து ஏழு மாதங்களே கழிந்திருந்தன. முஸ்லிம் லீகைக் கலைத்துவிடுவதே நலம் என்போரும், சிறுபான்மையோர்க்கு ஓர் அரசியல் அமைப்புத் தேவை என்போரும் நாடெங்கும் மாறுபட்டு நின்றனர். அச்சமும் ஐயமும் சூழ்ந்த அந்நாளில் காயிதெ மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிபு தலைமையில் கூடியோர் இந்திய யூனியன் முஸ்லிம் லீகாகத் தொடர்வது என்று முடிவு செய்தனர். அம்முடிவை இன்றும் ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். கூடிப் பேசி எடுத்த முடிவாதலால் அதனோடு வாதிட இயல்கிறது.

இன்றைய மாநாடுகள்

இனி இக்காலத்தை நோக்குவோம். 2022 ஜூன் 23 அன்று சென்னையை அடுத்த வானகரத்தில் அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் பொதுக்குழு கூடியது. 23 தீர்மானங்களும் நிராகரிக்கப்பட்டதாக மேடையிலிருந்து அறிவிப்பு வந்தது. அன்றைய ஒருங்கிணைப்பாளர் ஓ. பன்னீர்செல்வம் பாதியில் வெளியேறினார். அவரை நோக்கித் தண்ணீர்ப் புட்டிகள் வீசப்பட்டதை நாடே தொலைக்காட்சியில் கண்டது. ஜூலை 11 அன்று மீண்டும் கூடிய பொதுக்குழு, சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த எடப்பாடி பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளராகத் தேர்ந்தது. அப்பொதுக்குழு செல்லுமா என்னும் வழக்கு, 2023 பிப்ரவரி 23 அன்று உச்சநீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளிக்கும் வரை நீண்டது. எவர் பக்கம் நியாயம் என்பது நம் பேசுபொருளன்று. அவையில் தீரவேண்டிய வழக்கு நீதிமன்றப் படியேறியது என்பதே நம் கவலை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 2024 ஜனவரி 21 அன்று சேலம் மாவட்டம் பெத்தநாயக்கன்பாளையத்தில் திராவிட முன்னேற்றக் கழக இளைஞரணியின் இரண்டாம் மாநில மாநாடு நடந்தது. ஒரே நாளில் 25 தீர்மானங்கள் நிறைவேறின. இது எந்த ஒரு கட்சிக்கும் மட்டும் உரிய வழக்கமன்று. இன்று கட்சி மாநாடுகளில் தீர்மானங்கள் வாசிக்கப்படுகின்றன, கைதட்டல் எழுகின்றது, நிறைவேறின என்று அறிவிக்கப்படுகின்றது. திருத்தம் கூறுவார் இல்லை. ஒரு வினா எழுப்புவார் இல்லை. நாற்காலி பறக்காத காரணத்தால் இதனை ஒழுங்கு என்று கூறிவிடலாமா? பேச்சே இல்லாத இடத்தில் நிலவுவது ஒழுங்கன்று, வெறும் அமைதி.

பேராளர் மறைந்து கூட்டம் மட்டும் எஞ்சும்போது நேரக்கூடியதை நம் காவிரிக்கரை அண்மையில் கண்டது. 2025 செப்டம்பர் 27 அன்று தமிழக வெற்றிக் கழகத் தலைவர் விஜய் நாமக்கல்லில் பேசிவிட்டுக் கரூர் சென்றார். கரூர்க் கூட்ட நெரிசலில் 41 உயிர்கள் மாண்டன. அது பரப்புரைக் கூட்டம், மாநாடன்று. பழி எவரைச் சாரும் என்பதை உசாவ வேண்டியோர் உசாவுவர். நாம் கூற விழைவது ஒன்றே. அரசியல் என்பது முகத்தைக் காணச் செல்வது, எண்ணிக்கையைக் காட்டச் செல்வது என்று ஆகிவிட்டால், அங்கே செல்பவர் குடிமகனாக மதிக்கப்படுவதில்லை, தலையாக எண்ணப்படுகிறார்.

இந்நோய் நம் நாட்டுக்கே உரியதன்று. அமெரிக்காவில் 1968 ஆகஸ்டில் சிகாகோ நகரில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் வியட்நாம் போர் பற்றிய கொந்தளிப்பு அவைக்குள்ளும் தெருவிலும் வெடித்தது. மாகாணத் தேர்தல் களங்களில் நில்லாத ஹம்ஃப்ரி வேட்பாளராக்கப்பட்டதைப் பலர் பொறுக்கவில்லை. அக்கட்சி தடியடியோடு நின்றுவிடவில்லை. பேராளரைத் தேர்ந்தெடுக்கும் முறையினையே ஆராய ஆணையம் ஒன்றை அமைத்து 1972 ஆம் ஆண்டுக்குள் விதிகளை மாற்றியது. கூச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் கூச்சலிடுவோரின் குணம் மட்டுமன்று. பேசும் வாயில் அடைபட்டிருப்பதும் காரணம் என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

கலந்தாய்வு என்னும் கடமை

இசுலாமிய மரபில் கலந்தாய்வுக்கு 'ஷூரா' என்று பெயர். திருக்குர்ஆனின் அத்தியாயம் ஒன்றே அப்பெயர் தாங்கி நிற்கின்றது. இதன் நடைமுறையை அறிய உஹதுப் போருக்கு முந்திய நிகழ்ச்சியை நினைவுகூரலாம். ஹிஜ்ரி மூன்றாம் ஆண்டில், பகைவர் படையெடுத்து வந்தபோது மதீனாவுக்குள்ளேயே இருந்து எதிர்ப்பது நன்று என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எண்ணமாக இருந்தது. இளைஞர் பலர் வெளியே சென்று பொருத வேண்டும் என்றனர். நபிகளார் அவர்கள் கருத்தை ஏற்றுப் போர்க்கவசம் அணிந்தார்கள். இளைஞர்கள் வருந்தித் தம் கருத்தைத் திரும்பப் பெற முன்வந்தபோது, செய்த முடிவை அவர்கள் மாற்றவில்லை. தம் கருத்து ஏற்கப்படவில்லை என்று கூறி அப்துல்லாஹ் இப்னு உபை சுமார் 300 பேருடன் பாதிவழியில் திரும்பிப் போனதும் அப்போதுதான். அப்போரில் இழப்பு நேர்ந்தது. ஆயினும் கலந்தாய்வைக் கைவிடுமாறு இறைக்கட்டளை வரவில்லை. தொடர்ந்து கலந்தாய்வு செய்யுமாறே வந்தது.

இந்நிகழ்ச்சியில் அவையொழுக்கம் முழுவதும் அடங்கியுள்ளது. தலைவர் தம் கருத்துக்கு மாறானதையும் ஏற்றார். இளையோர் அஞ்சாது பேசினர். முடிவான பின் தளர்ச்சி கூடாது என்பது நிறுவப்பட்டது. தோற்றவுடன் அணியைவிட்டு நீங்குவது எத்தகைய செயல் என்பதும் தெளிவாயிற்று.

நாள்தோறும் தொழுகையில் நாம் காண்பதும் இதுவே. வரிசை பிறழாமல் இமாமைப் பின்பற்றுகிறோம். அவர் மறதியால் பிழை செய்தால் பின்னிற்பவர் 'சுப்ஹானல்லாஹ்' என்று உரைத்து உணர்த்துகிறார். வரிசை கலைவதில்லை, இமாம் சினப்பதில்லை, பிழை திருத்தப்படுகிறது. பள்ளிவாசலுக்குள் ஐவேளையும் கடைப்பிடிக்கும் இப்பண்பு, ஜமாஅத் பொதுக்குழுவில் மட்டும் ஏன் நம்மைவிட்டு அகன்றுவிடுகின்றது?

நாம் செய்யத்தக்கவை

ஹென்றி மார்ட்டின் இராபர்ட் என்னும் அமெரிக்கப் படைப் பொறியாளர் 1863 ஆம் ஆண்டு ஒரு தேவாலயத்தில் கூடிய பொதுக்கூட்டத்திற்குத் தலைமை தாங்க நேர்ந்து, நடத்தும் முறை அறியாமல் இடர்ப்பட்டார். அதனால் அவை நடைமுறைகளை ஆராய்ந்து 1876 ஆம் ஆண்டு ஒரு விதிநூலை வெளியிட்டார். உலகின் பல அமைப்புகள் இன்றும் அதனைப் பின்பற்றுகின்றன. அவை நடத்துதல் பிறவியிலேயே வருவதன்று; கற்றுக்கொள்ள வேண்டிய கலை என்பதை இது காட்டும்.

அக்கலையைக் கற்கும் முதற்பள்ளி அரசியல் மாநாடு ஆகாது. மாணவர் பேரவை, தமிழ் மன்றம், ஊர் ஜமாஅத், கூட்டுறவுச் சங்கம் ஆகியனவே அதற்குரிய பள்ளிகள். சேலம், நாமக்கல் சமவெளி இத்தகைய அமைப்புகள் மலிந்த நிலம். ஜவ்வரிசி ஆலையாளர்க்குக் கூட்டுறவு உண்டு. கோழிப் பண்ணையாளர்க்கும் லாரி உரிமையாளர்க்கும் நெசவாளர்க்கும் சங்கங்கள் உண்டு. தொழிலில் கணக்கும் ஒழுங்கும் காக்கத் தெரிந்த இம்மக்களுக்கு அவையில் அவற்றைக் காப்பது அரிதன்று.

கூட்டத்திற்கு ஒரு வாரம் முன்னரே நிகழ்ச்சி நிரலும் தீர்மான வரைவும் உறுப்பினர் கையில் சேர வேண்டும். ஒவ்வொரு தீர்மானத்தின்மீதும் மறுத்துப் பேச ஒருவருக்கேனும் தலைவர் தாமே அழைப்பு விடுக்க வேண்டும். பேசுபவர் தீர்மானத்தைப் பற்றிப் பேச வேண்டுமேயன்றி, முன்மொழிந்தவரின் குடும்பத்தைப் பற்றிப் பேசலாகாது. தலைவரின் தீர்ப்பு தவறெனத் தோன்றினால் ஒழுங்குப் பிரச்சினையாக எழுப்பலாம். மேடையில் ஏறி ஒலிபெருக்கியைப் பறித்தல் ஆகாது. ஆதரித்தோர் இத்துணையர், மறுத்தோர் இத்துணையர் என்பது நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். மாற்றுக் கருத்தைப் பதியுமாறு கேட்பவரைத் துரோகி என்று தூற்றும் வழக்கம் ஒழிய வேண்டும். பெண்களுக்கும் இளையோர்க்கும் இருக்கை தருவதோடு அமையாது பேசும் முறையும் தர வேண்டும். 1920 ஆம் ஆண்டிலேயே 169 பெண்கள் நாகபுரி சென்றிருந்தனர் என்பதை மறத்தல் ஆகாது.

இறுதியாக, தோற்றவர் கடமை ஒன்றுண்டு. வாக்கெடுப்பில் தோற்றபின்னும் அடுத்த கூட்டத்திற்கு வருதலே அக்கடமை. வென்றவர் கடமையும் ஒன்றுண்டு. தோற்றவர் மீண்டும் வருமாறு நடந்துகொள்ளுதலே அது.

இக்கல்லூரியில் இன்று பயில்வோருள் சிலர் நாளை ஏதேனும் ஒரு கட்சியின் பேராளராகப் பந்தலில் அமர்வர். சிலர் மேடையில் அமர்வர். எக்கட்சியாயினும் ஆகுக. அங்கே தமக்கு உவப்பில்லாத கருத்தினர் ஒருவர் எழுந்து நிற்கும்போது, பக்கத்திருக்கையில் கூச்சலிடுபவரின் தோளைத் தொட்டு, 'அவர் சொல்லி முடிக்கட்டும்' என்று கூறும் ஒருவராக நம் மாணவர் இருப்பாராயின், இத்துறை கற்பித்த தமிழ் பயன் தந்தது என்று நாம் மகிழ்வோம்.